மலை ஏற, ஊர் சுத்த பேக் வாங்கப் போறீங்களா? வேலூர் பக்கத்து ஆளுங்களுக்காக

ஏலகிரி, ஜவ்வாது மலை, பர்வதமலை, சோளிங்கர், வள்ளிமலைன்னு பழைய வட ஆற்காடு பூரா ஏறி எறங்க மலைக்கு பஞ்சமே இல்ல, சனி ஞாயிறு ஆனா காட்பாடி, ஜோலார்பேட்டை ஸ்டேஷன்ல பசங்களும் பொண்ணுங்களும் கும்பலா பேக் மாட்டிக்கினு நிக்கறத பாக்கவே சந்தோஷமா இருக்குது. ஆனா அந்த பேக்குங்கள பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது. பாதி பேரு காலேஜுக்கு எடுத்துனு போற லேப்டாப் பேக்கோட வருவாங்க, மீதி பேரு ஆன்லைன்ல ஆஃபர்ல கெடச்சதுன்னு ஒரு 70 லிட்டர் பேக்க ஒரு நாள் ட்ரிப்புக்கு தூக்கிக்கினு வருவாங்க. ரெண்டுமே சாயங்காலம் எறங்கி வரப்ப தோள்பட்டைய ஒரு வழி பண்ணிடும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் மொதல்ல கேக்கறது "எந்த கம்பெனி பேக் நல்லாருக்கும்"னு தான். அது கடைசியா கேக்க வேண்டியது. உங்க முதுகு எவ்ளோ நீளம், வெயிட்டு தோள்ல உக்காருதா இடுப்புல உக்காருதா, இந்த ரெண்டும் சரியா அமைஞ்சா சாதாரண பேக்கும் சொகமா இருக்கும், அமையலன்னா எத்தினி ஆயிரம் கொட்டி வாங்கினாலும் வலி தான். அதனால நான் சொல்ற வரிசைலயே போங்க.

மொதல் வேல: ராத்திரி தங்கறீங்களா இல்லயா?

இத்த முடிவு பண்ணிட்டாலே பாதி குழப்பம் போயிடும். காலைல போய் சாயங்காலம் திரும்புற ட்ரிப்புன்னா 20 லேர்ந்து 25 லிட்டர் போதும். அமிர்தி, ஜலகாம்பாறை, ஏலகிரில சுவாமிமலை ஏறுறது, பீமன் அருவி, வள்ளிமலை எல்லாமே இந்த கணக்குல தான் வரும். ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரி ரூம்லயோ ஹோம்ஸ்டேலயோ தங்கறீங்கன்னா 30 லேர்ந்து 40. டென்ட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் நீங்களே சொமந்துக்கினு மூணு நாலு நாள் உத்தராகண்ட், ஹிமாச்சல் பக்கம் போறப்ப தான் 50, 60 லிட்டர் தேவப்படும். திருவண்ணாமலை கிரிவலத்துக்கு 14 கிலோமீட்டர் நடந்தாலும் வழி பூரா தண்ணியும் டீயும் கெடைக்கும், அதுக்கு 10 லிட்டர் சின்ன பேக்கே ஜாஸ்தி.

லிட்டர்னு சொல்றது பேக்குக்குள்ள எவ்ளோ எடம் இருக்குதுன்ற கணக்கு. எடம் இருந்தா மனசு நிரப்பத்தான் சொல்லும், பெரிய பேக்கு வாங்கறதுல இருக்கற ஆபத்தே அது தான். "எதுக்கும் இருக்கட்டும்"னு ஒரு ஜீன்ஸு, ஒரு பெட்ஷீட்டு, ரெண்டு டவலுன்னு உள்ள போயிடும், அப்பால மலைல ஏறுறப்ப அத்தினியும் உங்க முட்டி தான் சொமக்கணும். இன்னொன்னு, பாதி காலியா இருக்கற பெரிய பேக்குல சாமான் எல்லாம் அடில எறங்கி முதுகவிட்டு தள்ளி தொங்கும், அதே அஞ்சு கிலோ ஏழெட்டு கிலோ மாதிரி இழுக்கும்.

உங்களுக்கு ஒரே ஒரு பேக்கு தான் வாங்க முடியும்னா, கண்ண மூடிக்கினு ஒரு 28, 30 லிட்டர் பேக்கா வாங்குங்க. பக்கவாட்டுல இறுக்கி கட்டுற ஸ்ட்ராப் இருக்கற மாதிரி பாத்துக்கோங்க. ஒரு நாள் ட்ரிப்புக்கு இறுக்கிக்கலாம், ரெண்டு நாளுக்கு தளர்த்திக்கலாம். நம்ம பக்கத்து மலைங்களுக்கு இது தாராளம்.

ரெண்டாவது: எவ்ளோ வெயிட்டு தூக்கப் போறீங்க?

வாங்கறதுக்கு முன்னாடியே ஒரு கணக்கு போட்டுடுங்க. ஒரு நாள் ட்ரிப்புக்கு உங்க ஒடம்பு எடைல பத்துல ஒரு பங்கு, ராத்திரி தங்கற ட்ரிப்புக்கு அஞ்சுல ஒரு பங்கு, அதுக்கு மேல போகாம பாத்துக்கணும். 60 கிலோ இருக்கறவங்களுக்கு 6 கிலோ, 12 கிலோன்னு வருது. நம்ம ஊர் வெயிலுக்கு தண்ணி தான் பெரிய வெயிட்டு, ஒரு லிட்டர்னா ஒரு கிலோ. பர்வதமலை மாதிரி ஏத்தத்துக்கு ஆளுக்கு 3 லிட்டர் இல்லாம கெளம்பாதீங்க, அங்கயே 3 கிலோ போயிடுச்சு. சாப்பாடு முக்கா கிலோ, மழைக்கோட்டு, டார்ச்சு, பவர் பேங்க், மருந்து எல்லாம் சேத்து ஒரு கிலோ. இதுலயே அஞ்சு கிலோ கிட்ட வந்துடுது, மீதி இருக்கறது பேக்கோட சொந்த எடை தான். காலி பேக்கே ரெண்டு கிலோ இருந்தா எங்க போறது? 25 லிட்டர் பேக்கு காலியா ஒரு கிலோவுக்குள்ள இருக்கணும். கடைல லேபிள பாருங்க, இல்லன்னா கைல தூக்கி பாருங்க.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு தோல் தொழில் இருக்கற ஊர்க்காரங்க நாம, தோல் பேக்கு மேல நமக்கு ஒரு ஆச இருக்கும். அது ஆபீசுக்கு அழகு. மலைக்கு வேணாம், வெயிட்டு ஜாஸ்தி, நனைஞ்சா காயறதுக்குள்ள பூஞ்ச புடிக்கும்.

மூணாவது, இது தான் முக்கியம்: முதுகு அளவு

ஷர்ட்டு வாங்க தோள் அளவு பாக்கறோம், ஷூவுக்கு பாதம் பாக்கறோம், பேக்குக்கு மட்டும் யாரும் அளவு பாக்கறதில்ல. ஒசரமான ஆளுக்கு நீள முதுகா இருக்கும்னு அவசியமில்ல, நீள காலும் குட்ட முதுகுமா நெறைய பேர் இருக்காங்க. வீட்லயே அளந்துடலாம், டெய்லர் டேப்பும் கூட ஒரு ஆளும் போதும்.

தலைய முன்னாடி குனிங்க. கழுத்தும் முதுகும் சேர்ற எடத்துல ஒரு எலும்பு முட்டிக்கினு தெரியும், தொட்டா தட்டுப்படும், அது தான் மேல் புள்ளி. அடுத்து ரெண்டு கையயும் இடுப்புல வெச்சு, பக்கவாட்டுல தட்டுப்படுற இடுப்பெலும்போட மேல் விளிம்பு மேல கைய வைங்க, கட்ட விரல் ரெண்டும் பின்னாடி பாத்துனு இருக்கட்டும். அந்த ரெண்டு கட்ட விரலுக்கும் நடுவுல ஒரு கோடு போட்டா முதுகெலும்ப தொடுற எடம் தான் கீழ் புள்ளி. மேல் புள்ளிலேர்ந்து கீழ் புள்ளி வரைக்கும் முதுகோட வளைவுலயே டேப்ப வெச்சு அளக்க சொல்லுங்க. பெரியவங்களுக்கு பெரும்பாலும் 40 லேர்ந்து 50 சென்டிமீட்டருக்குள்ள வரும். அத்த போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க.

30 லிட்டருக்கு மேல இருக்கற நல்ல பேக்குங்கள்ல ஸ்மால், மீடியம், லார்ஜ்னு முதுகு அளவு போட்டிருப்பாங்க, சிலதுல தோள் ஸ்ட்ராப்ப மேல கீழ நகத்தி வெச்சுக்கலாம். குடும்பத்துல ரெண்டு மூணு பேர் மாத்தி மாத்தி ஒரே பேக்க தூக்கறீங்கன்னா நகத்துற மாதிரி இருக்கறதையே வாங்குங்க. பொண்ணுங்களுக்குன்னு தனியா வர்ற பேக்குல தோள் ஸ்ட்ராப் கொஞ்சம் குறுகலா, இடுப்பு பெல்ட் இடுப்போட சாய்வுக்கு ஏத்த மாதிரி இருக்கும். கலர் மட்டும் மாத்தி வெச்சு விக்கறதும் இருக்குது, அதனால ரெண்டயும் மாட்டி பாத்து எது உக்காருதோ அத்த எடுங்க.

நாலாவது: கடைல வெயிட்டு போட்டு மாட்டி பாருங்க

காலி பேக்க மாட்டி கண்ணாடில பாத்தா எந்த பேக்கும் நல்லாத்தான் இருக்கும். போறப்ப 2 லிட்டர் தண்ணி பாட்டில் மூணு எடுத்துனு போங்க, 6 கிலோ ஆச்சு. கடைக்காரர் கிட்ட "அண்ணா, வெயிட்டு போட்டு கொஞ்ச நேரம் நடந்து பாக்கறன்"னு கேளுங்க, நல்ல கடைல யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. சென்னை, பெங்களூர் போற வேல இருந்தா டெகத்லான் மாதிரி பெரிய கடைல ஒரு மணி நேரம் ஒதுக்கி நாலு பேக்க மாட்டி பாத்துட்டு வாங்க. ஆன்லைன்ல தான் வாங்குவேன்னா, திருப்பி அனுப்பற வசதி இருக்கறதா பாத்து வாங்கி, லேபிள கிழிக்காம வீட்டுக்குள்ளயே அரிசி மூட்டைய போட்டு அர மணி நேரம் நடங்க, மாடிப்படி ஏறி எறங்குங்க.

மாட்டறதுலயும் ஒரு வரிசை இருக்குது. எல்லா ஸ்ட்ராப்பயும் மொதல்ல லூஸ் பண்ணுங்க. பேக்க மாட்டுங்க. இடுப்பு பெல்ட்ட மொதல்ல போடணும், தோள் ஸ்ட்ராப்ப இல்ல. பெல்ட்டு வயித்து மேல இருக்கக்கூடாது, நீங்க அளக்கறப்ப தொட்டீங்களே அந்த இடுப்பெலும்பு, அது மேல சவாரி செய்யற மாதிரி உக்காரணும். குடம் தூக்கறவங்க தலைக்கு சும்மாடு வைப்பாங்கல்ல, இடுப்புக்கு இந்த பெல்ட்டு அது தான். இறுக்குங்க. அப்பால தோள் ஸ்ட்ராப்ப இழுங்க, முதுகோட ஒட்டற அளவுக்கு போதும், தொங்கற வெயிட்ட தூக்கற அளவுக்கு வேணாம். தோளுக்கு மேல பேக்கோட உச்சிக்கு போற சின்ன ஸ்ட்ராப் ஒன்னு இருக்கும், லோட் லிஃப்டர்னு பேரு, பெரிய பேக்குங்கள்ல கண்டிப்பா இருக்கும், அத்த இழுத்தா பேக்கோட தல உங்க பக்கம் சாயும். கடைசியா நெஞ்சு ஸ்ட்ராப், மூச்சு தாராளமா விடற மாதிரி லேசா போட்டா போதும்.

இப்ப ஒரு சோதனை பண்ணுங்க. தோள் ஸ்ட்ராப்புக்கு அடில ஒரு விரல விட்டு பாருங்க. விரல் ஈசியா போயிட்டு வந்தா வெயிட்டு இடுப்புக்கு போயிடுச்சுன்னு அர்த்தம். சரியா மாட்டின பெரிய பேக்குல வெயிட்டோட பெரும்பங்கு இடுப்புல தான் இருக்கும், தோளு சும்மா பேக்கு பின்னாடி சாயாம புடிச்சுக்கும். விரல் நொழையல, ஸ்ட்ராப் தோள்ல பள்ளம் விழற மாதிரி அழுத்துதுன்னா அந்த பேக்கு உங்க முதுகுக்கு குட்டை, வேற எடுங்க. ஸ்ட்ராப்புக்கும் தோளோட மேல் பக்கத்துக்கும் நடுவுல பெரிய இடைவெளி தெரிஞ்சா பேக்கு நீளம். 20 லிட்டர் பேக்குல இடுப்பு பெல்ட்டு வெறும் பட்ட ஸ்ட்ராப்பா தான் இருக்கும், அது வெயிட்டு தாங்கறதுக்கில்ல, ஆடாம புடிச்சுக்கறதுக்கு. அஞ்சாறு கிலோவுக்கு அது போதும்.

முதுகு படற எடத்தயும் பாருங்க. மே மாசம் வேலூர்ல 40 டிகிரி தாண்டற ஊரு இது, மலை அடிவாரத்துலயே சட்ட நனைஞ்சிடும். முதுகுக்கும் பேக்குக்கும் நடுவுல காத்து போற மாதிரி இழுத்து கட்டின வலை இருக்கற பேக்கு வேர்வைக்கு ரொம்ப நல்லது. ஆனா அந்த மாதிரி பேக்கு கொஞ்சம் பின்னாடி தள்ளி நிக்கும், உள்ள எடமும் வளைஞ்சு இருக்கும், அதனால வெயிட்டு ஜாஸ்தி தூக்கறவங்களுக்கு ஒத்து வராது. ஒரு நாள் ட்ரிப்புக்கு வலை, பல நாள் ட்ரெக்குக்கு பள்ளம் விட்ட ஃபோம், இது என்னோட கருத்து.

தையல், துணி, ஜிப்பு

எங்க பெரியம்மா பொண்ணு ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனில அப்பர், அதாவது ஷூவோட மேல் பாகம் தைக்கிற செக்‌ஷன்ல வேல செய்யறாங்க. அவங்க ஒரு பேக்க கைல எடுத்தா வெளிய பாக்கவே மாட்டாங்க, ஜிப்ப தொறந்து உள்பக்கத்த வெளிய திருப்பிடுவாங்க. தோள் ஸ்ட்ராப் பேக்கோட சேர்ற மேல் எடத்துல ரெண்டு கட்ட விரலயும் தையலுக்கு ரெண்டு பக்கமும் வெச்சு விரிச்சு இழுப்பாங்க. நூலு வெளிய தெரிஞ்சு தையல் பல்லிளிச்சா அப்டியே கீழ வெச்சிடுவாங்க. அந்த எடத்துல ஒரு சதுரம் தைச்சு அதுக்குள்ள குறுக்க ஒரு பெருக்கல் குறி மாதிரி தைச்சிருக்கணும், இல்லன்னா நெருக்கமா முன்னயும் பின்னயும் பல தடவ ஓட்டி இருக்கணும். வெட்டின துணி ஓரம் பிசிறு வராம பட்டி வெச்சு மூடி இருக்கணும், மூடாத ஓரம் ஒரு வருஷத்துல பிரிஞ்சு ஜிப்புல மாட்டும். இத்த பாக்க மூணு நிமிஷம் கூட ஆகாது, பேக்கு எந்த எடத்துல அறுந்து போகும்னா பெரும்பாலும் அந்த ஸ்ட்ராப் வேர்ல தான்.

துணிய பத்தி லேபிள்ல 210 டி, 420 டி, 600 டின்னு போட்டிருப்பாங்க, டின்னா டெனியர். 9000 மீட்டர் நூலு எத்தினி கிராம் இருக்குதோ அது தான் டெனியர், நம்பர் ஏற ஏற நூலு தடிமன். நம்பர் ஜாஸ்தின்னா எப்பவும் ஒசத்தின்னு நெனச்சுடாதீங்க, ஒரே டெனியர்ல பாலியஸ்டரவிட நைலான் உரசல நல்லா தாங்கும். ஒரு நாள் பேக்குக்கு 210 நைலான், கட்டம் கட்டமா தெரியற ரிப்ஸ்டாப் நெசவா இருந்தா இன்னும் நல்லது, ஒரு எடத்துல கிழிஞ்சா அந்த கட்டத்தோட நின்னுடும். ஜவ்வாது மலைல முள்ளு புதர் நடுவுல போறவங்க, பாறைல பேக்க உரசிக்கினு எறங்கறவங்க அடிப்பக்கம் மட்டும் தடிமனா இருக்கறத எடுங்க. ஜிப்ப பத்து தடவ தொறந்து மூடுங்க, வளைவுல மாட்டக்கூடாது. மெயின் ஜிப்புக்கு ரெண்டு ரன்னர் (புடிச்சு இழுக்கற துண்டு) இருக்கணும், ஒன்னு போனா இன்னொன்னு வெச்சு வீடு வந்து சேரலாம், ட்ரெயின்ல தூங்கறப்ப ரெண்டயும் சேத்து சின்ன பூட்டு போடலாம்.

பாக்கெட்டு எத்தினி இருக்குதுன்னு எண்ணாதீங்க. ரெண்டு பக்கமும் பாட்டில் பாக்கெட்டு, மேல சின்ன பொருளுக்கு ஒன்னு, அவ்ளோ தான் வேணும். பாட்டில் பாக்கெட்டு ஆழமா இருக்கணும், பேக்க கழட்டாம கை எட்டணும். எட்டலன்னா தண்ணி குடிக்க சோம்பேறித்தனம் வரும், வெயில்ல அது நல்லதில்ல.

நம்ம பக்கத்துக்குன்னு சில விஷயம்

கொரங்கு. சோளிங்கர்ல 1305 படி ஏறுறவங்களுக்கும் பர்வதமலை போறவங்களுக்கும் இத்த சொல்லாம விட முடியாது. கைல கவர் தொங்கினா புடுங்கிடும், பக்க பாக்கெட்டுல வெளிய தெரியற கலர் பாட்டில், பிஸ்கட்டு பாக்கெட்டு எதுவும் மிஞ்சாது. சாப்பாடு எல்லாம் ஜிப்புக்கு உள்ள, அதுவும் முதுகு பக்கம் இருக்கட்டும், அந்த எடத்துல பேக்க கழட்டி கீழ வெக்காதீங்க.

பர்வதமலைல மேல் பகுதில பாறைல அடிச்சு வெச்சிருக்கற கடப்பாரைய புடிச்சும் சங்கிலிய புடிச்சும் இரும்பு ஏணிலயும் ஏறணும், ரெண்டு கையும் வேணும். ஒத்த தோள்ல மாட்ற ஸ்லிங் பேக், ஜோல்னா பை எதுவும் அங்க ஆகாது, குனிஞ்சா முன்னாடி வந்து ஆடும். அகலமில்லாத, முதுகோட ஒட்டின 20 லிட்டர் பேக்கா இருக்கட்டும், வெளிய எதயும் தொங்க விடாதீங்க, ஸ்ட்ராப்போட மிச்ச வாலயும் சுருட்டி சொருகிடுங்க.

பஸ்ஸு. ஏலகிரி போற 14 கொண்டை ஊசி வளைவுலயும், ஜமுனாமரத்தூர் பக்கம் போற பஸ்லயும் கூட்டம் நெறைய இருக்கும், உக்காந்தா பேக்க மடிலயும், நின்னா காலுக்கு நடுவுலயும் வெக்க வேண்டி வரும். மேல கைப்புடி உறுதியா இருக்கணும், அத்த புடிச்சு தான் ஏத்துவீங்க எறக்குவீங்க. ஃப்ளைட்ல போறவங்க உள்ளூர் விமானத்துல கேபின் பேக்குக்கு பொதுவா 7 கிலோ தான்றத மனசுல வைங்க, 35, 40 லிட்டர் பேக்கு வாங்கறப்ப நீளம் 55 சென்டிமீட்டருக்குள்ள இருந்தா மேல எடுத்துனு போயிடலாம்.

காட்டுப் பாதைக்கு அனுமதி இல்லாம போகாதீங்க. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர்ல ட்ரெக் தமிழ்நாடுன்னு ஆரம்பிச்சு 40 பாதைக்கு ஆன்லைன்ல புக்கிங் வெச்சிருக்காங்க, உள்ளூர் மலைவாழ் பசங்க தான் கைடா வர்றாங்க, பணத்துல ஒரு பங்கும் அவங்களுக்கு போய் சேருது. நம்ம திருப்பத்தூர் மாவட்டத்துல ஏலகிரி சுவாமிமலை, ஜலகாம்பாறை ரெண்டும் அதுல இருக்குது. கோடைல காட்டுத்தீ பயத்துக்காக மூடி வெப்பாங்க, தேதி பாத்துட்டு கெளம்புங்க.

மழைக்கு என்ன பண்றது

அருவில தண்ணி நல்லா வர்றதே ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்பால தான், அப்ப மழையும் கூட வரும். "வாட்டர்ப்ரூஃப்"னு எழுதி இருக்கற பேக்கு முக்காவாசி தூறல மட்டும் தாங்கும், தையல் ஓட்டைலயும் ஜிப்புலயும் தண்ணி எறங்கிடும். ரெயின் கவர் போடுங்க, ஆனா அத்த மட்டும் நம்பாதீங்க, முதுகு பக்கம் தெறந்து தான் இருக்கும், உங்க முதுகுல வழியற தண்ணி அது வழியா உள்ள போகும். ஒரு தடிமனான பெரிய பிளாஸ்டிக் பைய பேக்குக்குள்ள விரிச்சு, அதுக்குள்ள துணிமணி எல்லாம் போட்டு வாய முறுக்கி மடக்கிடுங்க. பத்து ரூபா செலவுல எந்த மழையும் ஒன்னும் பண்ணாது. முடிஞ்சதும் பைய மலைல போட்டுட்டு வராதீங்க, மடிச்சு எடுத்துனு வந்து அடுத்த தடவையும் அதயே போடுங்க.

அடுக்கறது

கனமானது முதுக ஒட்டி நடுவுல. தண்ணி, சாப்பாட்டு டப்பா, பவர் பேங்க் அங்க. லேசான துணி, போர்வ அடில. அடிக்கடி எடுக்கறது, மழைக்கோட்டு, டார்ச்சு, மருந்து உச்சில. கனத்த அடில போட்டா பேக்கு பின்னாடி இழுக்கும், உச்சில போட்டா எறக்கத்துல தலைய முன்னாடி தள்ளும். புளிசோறு, எலுமிச்ச சோறு எடுத்துனு போறவங்க எவர்சில்வர் டப்பாவ நட்டுக்க நிக்க வெச்சு ரெண்டு பக்கமும் துணிய திணிச்சு ஆடாம பண்ணுங்க. தயிர்சாதம்னா டப்பா மூடி மேல ஒரு கவர் கட்டி ரப்பர் பேண்ட் போட்டுடுங்க, ஏத்தத்துல பேக்கு சாயறப்ப தண்ணி விட்டு ஒழுகும். பேக்கோட ரெண்டு பக்கமும் வெயிட்டு சமமா இருக்கணும், ஒரு பக்கம் ரெண்டு லிட்டர் பாட்டிலும் இன்னொரு பக்கம் ஒன்னும் இல்லாமயும் போனா இடுப்பு ஒரு பக்கமா புடிச்சுக்கும்.

வீட்ல வயசானவங்களும் சின்ன பசங்களும் கூட வராங்கன்னா அவங்க தண்ணிய மட்டும் அவங்க தூக்கட்டும், மத்தத பெரியவங்க பிரிச்சுக்கோங்க. பத்து வயசு புள்ள முதுகுல மூணு கிலோவுக்கு மேல ஏத்தாதீங்க.

வந்த பின்னாடி

வேர்வ உப்பு ஸ்ட்ராப்புலயும் முதுகு வலைலயும் படிஞ்சிருக்கும், அப்டியே வெச்சா துணி வெறச்சு போயிடும். வாஷிங் மெஷின்ல போடாதீங்க, உள் பக்கம் பூசி இருக்கற கோட்டிங் உரிஞ்சிடும். பக்கெட்ல தண்ணி, கொஞ்சமா சோப்பு, மெத்து பிரஷு, எல்லா ஜிப்பயும் தொறந்து தலகீழா தொங்க விட்டு நெழல்ல காய வைங்க. வெயில்ல போட்டா நைலான் நைஞ்சிடும். பரண்ல போட்டு மூடி வெக்காதீங்க, மொட்டமாடி சூட்டுலயும் ஈரத்துலயும் அந்த கோட்டிங் பிசுபிசுன்னு ஆகி வாட வர ஆரம்பிக்கும், பீரோ பக்கத்துல ஆணில மாட்டி வெச்சாலே போதும்.

பக்கிள் ஒடஞ்சா, ஸ்ட்ராப் பிரிஞ்சா உடனே தூக்கி போடாதீங்க. பக்கிள் தனியா கெடைக்கும், பழச எடுத்துனு போய் அதே அகலத்துல வாங்குங்க. ஸ்ட்ராப்ப நைலான் நூலுல தைச்சு தர சொல்லுங்க, பருத்தி நூலு வேர்வைல இத்து போயிடும். தோலயே தைச்சு பழகின கைங்க ஆம்பூர்லயும் ராணிப்பேட்டைலயும் தெருவுக்கு தெரு இருக்காங்க, செருப்பு தைக்கிறவர் கிட்ட குடுத்தா கூட கனமான ஊசில ரெட்ட தையல் போட்டு தருவாரு.